அவுட்பாக்ஸில் சேர்ந்த வீரம்

சிக்னல் இல்லாத இடத்தில் வீரனாக இருப்பதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நான் அப்படிப்பட்ட வீரனாக இருந்தேன். யாருக்கும் அஞ்சவில்லை, யாரையும் விட்டுவைக்கவில்லை. மழை முடிந்து மலையிறங்கிய ஒரே காலையில் அவ்வளவு வீரமும் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்தது. (இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

அப்போது நான் கேரளத்துப் பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆபீஸில் டெம்பரரி கிளார்க். அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் வேலை. தென்காசிப் பக்கமிருந்து வந்து மலையிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. லயம் என்று சொல்லப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்கு. எங்களுக்கு என்றால், அம்மா வேலையில் இருக்கும்வரை. அம்மா ரிட்டயர் ஆகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வீட்டில் ஒருவராவது பெர்மனென்ட் ஆகாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் அந்த ஒருவர் நான்தான். வேறு ஆள் கிடையாது.

அந்த வருஷம் இடி விழுந்து எஸ்டேட் ஆபீஸின் மோடம் கருகிப்போனது. புது மோடம் வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக, திருவனந்தபுரத்திலிருந்த ஹெட் ஆபீஸ் ஒரு யோசனை சொன்னது. கிளார்க்கின் போனிலேயே கம்பெனி மெயிலை வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். மலைமேல் சிக்னல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கம்பெனி மெயில் போனில் வருகிற பெருமையை, சிக்னல் என்ற அற்ப விஷயத்துக்காக யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக ஹெட் ஆபீஸுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் பிஜு சேட்டன். உதவி செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இன்கமிங் சர்வர், அவுட்கோயிங் சர்வர், போர்ட் நம்பர் என்று அவர் தட்டத் தட்ட, எல்லாம் தெரிந்தவன்போல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்டின் முதல் எழுத்தைப் போன் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டே இருந்தது. அது புரிவதற்குள் டீ ஆறிவிட்டது.

"எத்ர நேரத்தில் ஒருக்க சிங்க் ஆகணும் முருகேசா?" என்று கேட்டார்.

"கால் மணி நேரத்துக்கு ஒருக்கா போடுங்க சேட்டா. அர்ஜென்ட் மெயில் எல்லாம் வரும்ல," என்றேன். (எனக்கு அதுவரை ஒரே ஒரு மெயில்தான் வந்திருந்தது. அது பிஜு சேட்டன் அனுப்பிய டெஸ்ட் மெயில்.)

அவர் ஒரு பட்டனை அழுத்தினார். டைரக்டர் மேடம் எஸ்டேட்டுக்கு அனுப்பி, மோடம் கருகியதால் வந்து சேராமல் கிடந்த சர்க்குலர்கள் எல்லாம் என் போனுக்குள் வந்து இறங்கின. மலையேறினேன். அதற்கடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது, ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மேலே நாங்கள், கீழே உலகம். போன் மட்டும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சளைக்காமல் சிக்னலைத் தேடித் தேடிச் சார்ஜைத் தின்றது.

லயத்தின் கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகி வருஷக்கணக்காகிறது. அந்த மழையில் எங்கள் வீட்டில் ஒழுகாத இடம் என்று பார்த்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுதான். அம்மா இருந்த பாத்திரத்தையெல்லாம் ஒழுகுகிற இடங்களில் வைத்துவிட்டதால் சமைக்க ஒரு சட்டிதான் மிச்சம். கட்டிலில் குடையை விரித்துக் கட்டி, அதன் அடியில் உட்கார்ந்து நான் சர்க்குலர்களைப் படித்தேன். முதல் சர்க்குலரே, லயங்களின் கூரைப் பணி மழைக்காலத்துக்குப் பிறகு பரிசீலிக்கப்படும் என்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'ரிப்ளை' அழுத்தினேன். போனில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினேன்: 'மழை முடிஞ்ச பிறகு கூரை எதுக்கு மேடம்? நீங்க குடைய மழை விட்டப்புறமா விரிப்பீங்க?' தட்டிவிட்டு 'செண்ட்' அழுத்தினேன். அனுப்ப முடியவில்லை என்று போன் சொல்லி, மெயிலை அவுட்பாக்ஸ் என்ற இடத்தில் போட்டது.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. அவுட் என்றால் வெளியே, பாக்ஸ் என்றால் பெட்டி. போகாத மெயிலைத் தூக்கி வெளியே போடுகிற குப்பைப் பெட்டி என்று முடிவு செய்தேன். பி.காம். படித்தவன் முடிவு செய்தால் மறுபேச்சு உண்டா?

அதன்பிறகு மழை முழுக்க அதுதான் பொழுதுபோக்கு. ஒரு சர்க்குலர், ஒரு பதில், ஒரு செண்ட். மனசில் இருப்பதைக் கொட்டி அந்தப் பட்டனை அழுத்தும்போது கிடைக்கிற சுகம் இருக்கிறதே, கேட்கவே வேண்டாம். மேடத்தின் ஓண வாழ்த்துக்குக்கூட ஒரு பதில் போட்டேன்: 'போட்டோவில உங்க தலைக்கு மேல சீலிங் நல்லா இருக்கு மேடம், எந்தக் கடையில வாங்குனது?' அம்மா அடுப்படியிலிருந்து, "என்னலே தனியா இருந்து சிரிக்க?" என்று கேட்பாள். ஆபீஸ் வேலை என்பேன். ஆபீஸ் வேலையில் சிரிப்பு வரும் என்று அவளும் நம்பிவிட்டாள்.

மழை விட்டது, ரோடு சரியானது, பஸ் வந்தது. கூடவே லேண்ட்லைனில் ஒரு செய்தி வந்தது. என்னைப் பெர்மனென்ட் ஆக்குவதுபற்றி டைரக்டர் மேடம் நேரில் பார்த்துப் பேச வேண்டுமாம். அம்மா என் ஒரே வெள்ளைச் சட்டையை அடுப்புமேல் காட்டிக் காயவைத்தாள். பஸ் ஏறும்வரை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அங்க போயி வாயத் தொறக்காதல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நம்ம வீடு உன் நாக்குலதான் இருக்கு, பாத்துக்க."

"நான் எப்ப வாயத் தொறந்தேன்?" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி இறங்கியது. கல்லாறு நெருங்கும்போது சட்டைப்பையில் போன் 'டொய்ங்' என்றது. எடுத்துப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு. திரையில் 'மெயில் அனுப்பப்பட்டது' என்று இருந்தது. எந்த மெயில் என்று யோசிப்பதற்குள் இன்னொரு டொய்ங். குடை மெயில் போய்விட்டது, அதன் பின்னால் அடுத்ததும் கிளம்பிவிட்டது. அவுட்பாக்ஸ் குப்பைப் பெட்டி இல்லை, சிக்னலுக்காகக் காத்திருக்கும் பெட்டி என்று அப்போதுதான் புரிந்தது.

பக்கத்து சீட்டில் மடியில் வாழைக்குலையோடு உட்கார்ந்திருந்த சேச்சி எட்டிப் பார்த்தாள். "மெசேஜ் வந்நதாணோ?"

"வந்நதல்ல சேச்சி, போகுது!" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று தோன்றியது. அந்தக் காலத்துப் போனில் அது ஒரு வசதி. ஆனால் பின்மூடியைத் திறக்க நகம் வேண்டும். இன்டர்வியூ பயத்தில் என் நகங்களை எல்லாம் முந்தின நாளே கடித்துத் தீர்த்திருந்தேன். டொய்ங்.

"சேச்சி, ஒரு கொண்டை ஊசி தருவீங்களா?"

கொண்டை ஊசி வளைவில் ஒரு பெண்ணிடம் கொண்டை ஊசி கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். மூடியை நெம்பிப் பேட்டரியைப் பிடுங்கினேன். போன் செத்தது. சில மெயில்கள் போய்விட்டன, பாதிக்குமேல் பிழைத்தன. போனை ஒரு பையிலும் பேட்டரியை இன்னொரு பையிலும் வைத்துக்கொண்டு, வித்துரா தாண்டி, நெடுமங்காட்டில் பஸ் மாறி, கிழக்கேகோட்டை வரும்வரை இரண்டு பைகளையும் கையால் அழுத்திப் பிடித்தபடியே வந்தேன்.

ஹெட் ஆபீஸ் வாசலில் பிஜு சேட்டன் நின்றிருந்தார். மேடத்தின் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, இங்கே கொடு என்றார். கொடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பேட்டரியையும் சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தேன். (இதற்கு என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். அம்மா எல்லாம் சொல்லியாகிவிட்டது.)

மேடத்துக்கு நரைத்த கிராப்புத் தலை. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். உட்காரச் சொன்னார். அன்றாடக் கொழுந்து எடை, மழை, பஸ் என்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். போன மெயில்களை இன்னும் பார்க்கவில்லை என்று அவர் முகத்திலிருந்தே தெரிந்தது. சாமி காப்பாற்றிவிட்டார் என்று நிம்மதியாக மூச்சு விட்டபோது கதவு திறந்தது. பிஜு சேட்டன் தலையை மட்டும் நீட்டினார்.

"முருகேசா, போன் செத்துப் போயிருந்நு. ஞான் பேட்டரி இட்டு, நம்முடெ வைஃபையும் கொடுத்து. இப்போ எல்லாம் ஓகே ஆயி!"

மேடத்தின் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. மறுபடி டிங். அப்புறம் நிற்கவே இல்லை.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "முருகேசன். நிங்ஙள்தானே?" என்றார். "இது எந்து பாஷையா? எனக்கு வாயிக்கான் பற்றுன்னில்ல. இங்ஙோட்டு வரு, வாயிச்சு பற."

படிக்க முடியவில்லையாம், என்னையே வந்து வாசித்துச் சொல்லச் சொல்கிறார். மேஜையைச் சுற்றிப் போய் நின்றேன். குடை மெயில். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மொழிபெயர்த்தேன். "மலையில் மழ நல்லதாணு, எல்லார்க்கும் சுகம்தன்னே, என்னு எழுதியிருக்கேன் மேடம்."

மேடம் திரையில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார். "அப்போ இந்தக் குட எந்தினா?"

குடை எதற்கு என்கிறார். "எனக்குத் தமிழ் கேட்டால் மனசிலாகும் முருகேசா," என்றார். "எழுதியது எழுதியதுபோல வாயிக்கு."

வீடு போயிற்று என்று தெரிந்துவிட்டது. இனி எதைக் காப்பாற்ற? வாசித்தேன். குடையை வாசித்தேன், சீலிங்கை வாசித்தேன், பாத்திரமெல்லாம் ஒழுகலுக்குப் போனதால் ஒற்றைச் சட்டியில் சோறும் குழம்பும் மாறி மாறிப் பொங்கிய கதையை வாசித்தேன்.  போகப் போகப் பயம் விட்டுப்போனது. கடைசி மெயில் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"வாயிக்கு," என்றார் மேடம்.

"எஸ்டேட் பங்களா நாயோட கூண்டுக்கு இந்த மாசம் புதுத் தகரம் போட்டிருக்கீங்க. எங்கம்மாவ அங்க மாத்திக் கொடுங்க மேடம். தேவைப்பட்டா குரைக்கவும் செய்வாங்க."

 வெளியே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் யாரையோ கூவி அழைப்பது கேட்டது.

"இது அம்மைக்கு அறியுமோ?"

"தெரியாது மேடம். தெரிஞ்சா அவங்களே கடிச்சிருவாங்க."

மேடத்தின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்ர காரியம் உண்டாயிருந்நு. எந்தா நேரத்தே அயக்காதிருந்நது?" ஏன் முன்னாடியே அனுப்பவில்லை என்கிறார்.

"அனுப்பிட்டேதான் மேடம் இருந்தேன்," என்றேன். "சிக்னல்தான் இல்ல."

அப்போதுதான் சிரித்தார். பிஜு சேட்டன் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் போனை எடுத்து யாரிடமோ தகரத்தின் விலை கேட்டார். எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் அன்றே கையெழுத்தானது. அதோடு ஒரு வாய்மொழி உத்தரவும் வந்தது. மாதம் ஒருமுறை நான் வித்துராவுக்கு இறங்கி, இதேபோல ஒரு மெயில் அனுப்ப வேண்டும். மரியாதை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பஸ் காசு கம்பெனி தரும். கோபப்படுவதற்குப் பயணப்படி வாங்கிய ஆள் இந்த ஜில்லாவில் என்னைத் தவிர யாராவது இருந்தால் வந்து பார்க்கட்டும்.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் முதுகில் ஒன்று வைத்தாள், நாய்க் கூண்டுக்காக. பிறகு லயத்தில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். தகர லாரி மலையேறி வந்த அன்று, டிரைவரிடமும் சொன்னாள்: "இத வரவச்சது எம் மவன். போனத் தட்டியே வரவச்சான்." அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்து நடக்கப்போய் லாரிச் சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லில் இடறி விழுந்தேன். பரவாயில்லை.

புதுத் தகரத்தில் முதல் மழை விழுந்தபோது ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. ஆனால் சத்தம்! ஆள் பேசுவது ஆளுக்குக் கேட்கவில்லை. லயத்து வீடு வீடாகச் சனங்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் நடுவே அம்மா நின்று, என்னைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"முருகேசா! காது அடையுதுலே! இதுக்கும் ஒரு மெயில் போடு!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தாலும், கரண்ட் போனாலும், மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானாலும், யாராவது ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து மெயில் போடச் சொல்லாமல் விடுவதில்லை. கிண்டல்தான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கூரைக்கு அடியில் காய்ந்த தலையோடு உட்கார்ந்துதான் சொல்கிறார்கள்.