உம்மாவின் சன்னலுக்கு நான் அடித்த பெயிண்ட்

வேலையே தெரியாதவனால் வீட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனால்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த அரைகுறை நான்.

தங்கச்சியின் நிக்காஹ், காரைக்காலில் எங்கள் வீட்டு வாசல் பந்தலிலேயே என்று முடிவானது. பந்தலைப் பார்த்தபடி உள்ளறைக்கு ஒரு பழைய தேக்குச் சன்னல். உப்புக்காற்றில் பெயிண்டெல்லாம் அப்பளம்போலப் பொரிந்திருந்தது.

"பெயிண்டரக் கூப்புடு தம்பி," என்றார் உம்மா.

"ஒத்தச் சன்னலுக்குப் பெயிண்டரா? நான் எதுக்கு இருக்கேன் உம்மா?" (செல்போனில் இரண்டு வீடியோ பார்த்த திமிர்.)

மூன்று நாள் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மறுபடியும் பச்சை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் மரம் வழவழப்பானதோ இல்லையோ, என் கைரேகை அழிந்தது. சட்டத்தில் இருந்த ஓட்டைகளுக்கெல்லாம் பட்டி வைத்தேன். இரண்டு கதவும் சேரும் இடத்தில் இரு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. தச்சர் கோட்டை விட்டுவிட்டார் என்று பரிதாபப்பட்டு, கதவைச் சாத்தி அதையும் பட்டியால் அடைத்தேன். மேலே எனாமல் இரண்டு கோட்டிங், கீலையும் விடவில்லை. உள்ளே சீர்ச் சாமான்கள் அடுக்கியிருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. வெளியே நின்று பார்த்த உம்மா, "புதுசாட்டம் இருக்கே!" என்றார். நான் பூரித்துப்போனேன்.

எங்கள் வீட்டு நிக்காஹ்வைப் பெண்கள் அந்த இடுக்கு வழியாகத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. (நான் எப்போதும் பந்தலில் பிரியாணிக்குக் காத்திருந்த கட்சி.)

கத்தாரில் வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதில் பெண்ணைக் கொடுக்க நான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் கை என் கையில். நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அப்போது சன்னலில் 'டொக் டொக்' சத்தம். பிறகு உம்மாவின் குரல்: "தம்பி, தொறக்க வரலையே!"

காலையிலிருந்து விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த உம்மா, ஒரே மகளின் நிக்காஹ்வைக் கண்ணால் பார்க்க அந்த நேரத்துக்குத்தான் ஓடிவந்திருக்கிறார்.

"என்னங்க சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன்.

இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தால் எந்தக் கல்யாணமும் நின்றிருக்காது. சம்பந்தி வீட்டார் முன்னால் என் கைவண்ணம் சந்தி சிரித்துவிடுமே என்ற வெட்கம் வாயை அடைத்துவிட்டது. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை "கபூல் செய்தேன்" என்று ஏற்றுக்கொண்டார். எல்லாம் முடிந்து, உளியோடு ஓடி, பாதி மரத்தோடு பெயர்த்துச் சன்னலைத் திறந்தேன். உம்மா அங்கேயே நின்றிருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"முடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கபூல் சொன்ன நொடியின் படம் இருக்கிறது. மறுபடியும் 'டொக் டொக்' கேட்டு மாப்பிள்ளை, ஹஜ்ரத், சபை மொத்தமும் சன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. வாப்பாவுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்த செல்போனும் அந்தப் பக்கம் திரும்பியதால், அவர் பார்த்ததும் என் பெயிண்ட்டைத்தான்.

"என்னாத்த இப்படிப் பாக்குறாங்க?" என்று யார் கேட்டாலும், "எங்க காக்கா அடிச்ச பெயிண்ட்ட!" என்பாள் தங்கச்சி. (காக்கா என்றால் எங்களில் அண்ணன்.) வீடே சிரிக்கும். உம்மாவும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்பார்:

"கபூல் சொன்னப்ப மாப்புள்ள மொகம் எப்படித் தம்பி இருந்துச்சு?"

"சிரிச்ச மொகமா இருந்தாரு உம்மா," என்பேன். நானும் அப்போது சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.