திரை விலகினால் மட்டும் வருகிறவர்

கோயில் திறந்திருக்கிற நாளெல்லாம் விட்டுவிட்டு, மூடிக் கிடக்கும் சன்னதி திறக்கிற அன்றைக்கு மட்டும் மூச்சு வாங்க ஓடி வருகிற ஒரு ரகம் உண்டு. ஜப்பான் முழுக்கப் பரவியிருக்கும் இந்த ரகத்தை, பிவா ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கிராமத்தில் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டேன். எங்கள் கருணைத் தெய்வமான கன்னோன் தேவி முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம்தான் வெளியே முகம் காட்டுவாள். சன்னதிச் சாவி வீட்டுக்கு ஒரு வருஷமாகச் சுற்றும். இந்தத் தடவை என் தலையில் விழுந்தது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் தொலைநோக்கி, கையில் டார்ச், தோள்பையில் கோயில் கோயிலாக முத்திரை வாங்கிய புத்தகம். "கும்பிட்டேன்" என்று சொல்லமாட்டார், "பார்த்தாச்சு" என்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திறக்கும் சாமியைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். பக்கத்தில் ஒருத்தி கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தால், அந்த இடது கை பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று அவள் காதில் ஓதுவார். கேட்டாளா அவள்?

கடைசி நாள் குரிமோட்டோ வந்தார். நகோயாக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. கூடவே மனைவி தோமோயே. நாலு மணிக்குத் திரை விழுந்துவிடும், முதலில் உள்ளே போங்கள் என்று நான் சொன்னேன், அந்த அம்மாளும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அந்த வாரத்துக்கு மட்டும் தங்க மையில் எழுதித் தரும் முத்திரைக்கு வரிசை நீண்டிருந்தது.

"மை தீர்ந்துபோயிடும். தேவி எங்க போயிடப் போறா?" என்றார்.

அம்மாள் தனியாக உள்ளே போனார். முத்திரை எழுதும் எங்கள் பிட்சுவோ, ஒவ்வோர் எழுத்தையும் தியானம் மாதிரி எழுதுகிறவர். நாலு மணிக்கு மணி அடித்தது, திரை விழுந்தது, நான் பூட்டினேன். ஐந்து நிமிஷம் கழித்து, மை காயாத புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி குரிமோட்டோ ஓடி வந்தார்.

வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "அடுத்த தடவை அவசியம் வாங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் வயது உறைத்தது. அவர் முகம் வெளுத்தது.

மெதுவாக மனைவி பக்கம் திரும்பி, எப்படி இருந்தாள் என்று கேட்டார்.

"மூஞ்சியே இல்லைங்க. தேஞ்சு வழவழன்னு இருக்கு. பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருச்சு."

குரிமோட்டோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோயில் துண்டுப் பிரசுரத்தைப் பிரித்தார்.

"அப்படி இருக்காதே. கண்ணு, மூக்கு எல்லாம் தெளிவா இருக்கு பாரு. நீ சரியாப் பார்க்கலை."

பிரசுரத்தில் இருந்த படம், முன்மண்டபத்தில் தினமும் நிற்கும் மாற்றுச் சிலையுடையது. உள்ளே இருப்பவளைப் படம் எடுக்க எவருக்கும் அனுமதி இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அந்தச் சிலையைத் திரும்பியும் பாராமல் தாண்டிப் படியிறங்கிவிட்டார், மனைவிக்கு விளக்கிக்கொண்டே.

சிரிக்கிறீர்கள், நல்லது. எங்கள் கன்னோன் அடுத்து எந்த வருஷம் வெளிப்படுவாள் என்று இதற்குள் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பீர்களே? இருக்கட்டும். உங்கள் தெருமுனைக் கோயிலில் தினமும் நிற்கிற சாமிக்கு முகம் எப்படி இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்.