பால் தேத்தண்ணிக்கு எள்ளும் தண்ணியும்

உள்துறைமுகம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ‘உடலும் உணவும்’ பக்க ஆசிரியருக்கு,

எங்கள் வாடியின் பத்துமணிப் பால் தேத்தண்ணியைக் கொன்றது நீங்கள்தான்.

மரியாதைக்கு முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் நலம் என்றே நம்புகிறேன். அங்கே பத்து மணிக்குத் தேத்தண்ணி இன்னும் வருகிறதுதானே. நான் மெலனி, வயது இருபத்து நான்கு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் வாடியில் இறால் தரம் பிரிக்கிறேன். பதினாறு பேர் வேலை செய்கிறோம். பாதிப் பேர் இறக்கக்கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். காலை ஆறு மணியிலிருந்து ஐஸுக்குள் கை வைத்திருந்தால், பத்து மணிக்கு எது என் விரல், எது இறால் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த நேரம் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற பரீதா ராத்தா கொண்டுவருகிற சூடான கோப்பையைப் பொத்திப் பிடித்தால்தான் விரல்கள் திரும்பி வரும். குடிப்பதெல்லாம் பிறகு. இந்தச் சத்தை உங்கள் பக்கத்தில் எந்த விற்றமினின் கீழ் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் நீங்கள் எழுதினீர்கள்: ‘எள்ளில் பாலைவிட எட்டு மடங்கு கல்சியம்.’ இரும்புச்சத்து உண்டு, நல்ல கொழுப்பு உண்டு, எலும்புக்கு உறுதி என்றும் எழுதினீர்கள். எல்லாம் சரி. ஆனால் அது நூறு கிராம் எள்ளையும் நூறு கிராம் பாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. நூறு கிராம் பால் அரைக் கோப்பை. நூறு கிராம் எள்ளை ஒரே இருப்பில் தின்னச் சொன்னால் மாடும் யோசிக்கும். எங்கள் முகாமையாளர் றொமேஷ் சேருக்கு நூறு கிராம் கண்ணில் படவில்லை. ‘எட்டு மடங்கு’ மட்டும் பட்டது. அதன் கீழே சிவப்புப் பேனையால் கோடும் இருந்தது. பால்மா விலை ஏறிய நாளிலிருந்து அவர் பரீதா ராத்தாவின் தேத்தண்ணிக் கேத்திலை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டுதான் திரிந்தார். அடுத்த திங்கட்கிழமை கட்டுரை அறிவித்தல் பலகையில் ஏறியது. பால் தேத்தண்ணி நின்றது. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எள்ளு, ஒரு குவளை பச்சைத் தண்ணீர்.

“இது விஞ்ஞானம்,” என்றார் சேர். “எட்டு மடங்கு. ஒரு கரண்டி காணும்.”

“அப்ப உங்களுக்கும் ஒரு கரண்டிதானோ சேர்?” என்று கேட்டார் இராசையா அண்ணை. ஐஸ் உடைக்கிறவர், கையில் எப்போதும் கட்டை இருப்பதால் தைரியமாகப் பேசுவார்.

“எனக்கு வீட்டில இருந்து பிளாஸ்க் வருது. அது தனிக் கதை.”

எல்லாத் தனிக் கதையும் மேலே இருக்கிறவர்களுக்குத்தான் வருகிறது, ஆசிரியரே. நான் இரவல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தேக்கரண்டி எள்ளு மூன்று கிராம். ஒரு கோப்பை பாலின் கல்சியத்துக்குப் பத்துக் கரண்டி வேண்டும். அதையும் நன்றாக மெல்ல வேண்டும். விழுங்கினால் அது வந்தது போலவே போய்விடும். எங்களைக் கண்டதாகவும் காட்டிக்கொள்ளாது. இதைப் பரீதா ராத்தாவிடம் சொன்னேன். அவருக்குக் கல்சியம் கவலையில்லை.

“கேத்தில் இல்லாட்டி நான் என்னத்துக்கு மகள்? கரண்டியால எள்ளு அள்ளிப் போட ஒரு ஆள் வேணுமா? ரெண்டு மாசம் போனா அரைநாள் வந்தாக் காணுமாம், சேர் சொல்றார்.”

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை, எல்லோர் பல்லும் கறுத்ததைத் தவிர. இரண்டாம் நாள் கொழும்பிலிருந்து இறால் வாங்குகிறவர் வந்தார். நாங்கள் வரிசையாக நின்று சிரித்தோம். அவர் கைகுலுக்காமல் பின்னால் போனார். மூன்றாம் நாள் கடற்காற்று எழும்பிக் கரண்டியில் இருந்ததை எல்லாம் இறால் பெட்டிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெட்டி கொழும்புக்குப் போய், ‘பூச்சி’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. சேர் கண்ணாடியும் சின்னக் குறடுமாகக் கதிரையில் இருந்து, ஒவ்வொரு இறாலாகக் கிளறி, “இது எள்ளு. இதுவும் எள்ளு. இது கண்,” என்று பின்னேரம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எழும்பும்போது புதுச் சட்டம் ஒன்று சொன்னார்: இனி எள்ளு வாடிக்குள் வரக்கூடாது. எல்லோரும் வெளியே, கடல் ஓரமாக, காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்குப் பக்கம் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். வலது கையை நீட்ட வேண்டும். எள்ளும் தண்ணீரும் அங்கேதான்.

சேர் கத்தோலிக்கர். நானும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரம் ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த நாள் பத்து மணிக்கு வரிசையில் நின்றபோது இராசையா அண்ணைக்கு உறைத்தது. கடல். தெற்கு. வலது உள்ளங்கையில் எள்ளு. அதற்குமேல் பரீதா ராத்தா ஊற்றின தண்ணீர். அவர் அப்படியே கண்ணை மூடினார். “எங்கட அப்பா வேலுப்பிள்ளை,” என்றார். “அப்பப்பா கந்தப்பர்.” கையைச் சரித்துக் கடலில் விட்டார். ஆடி அமாவாசைக்கு லீவு கேட்டும் கிடைக்காத மனுஷன், சம்பள நேரத்திலேயே பிதிர்க்கடனை முடித்துவிட்டார்.

பக்கத்தில் நின்றவர்களும் கையைச் சரித்தார்கள். நான் பழக்கத்தில் சிலுவை போட்டேன். பரீதா ராத்தா தண்ணீர்க் குவளையோடு விறைத்துப் போனார்.

“ஆரு மௌத்து?”

“பால் தேத்தண்ணி,” என்றார் இராசையா அண்ணை, கண்ணைத் திறக்காமல். “நல்ல சீவன். ஒரு நாளும் பிந்தினதில்லை.”

அவ்வளவுதான். பதினாறு பேரும் சிரித்தபடி எள்ளை இறைத்தோம். மீன்கள் வந்து தின்றன. அவற்றின் எலும்பு இப்போது நல்ல உறுதியாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு வள்ளம் போனது. வள்ளத்தில் நின்றவர் தொப்பியைக் கழற்றி, “ஆர் போனது?” என்று கத்தினார். இராசையா அண்ணை, “றொமேஷ் சேர்ட வாடியில பால் தேத்தண்ணி,” என்று பதில் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் முதல் இரண்டு சொல்தான் கரை தாண்டியது. முக்கால் மணித்தியாலத்தில் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. ஓர்ஸ் ஹில்லிலிருந்து சேரின் மாமியார் மரியம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார், கையில் மாலையோடு.

“ஐயோ மருமகன், போன கிழமைதானே கொலஸ்ரோல் பாத்து நல்லம் எண்டவங்கள்.”

உள்ளே இன்னும் எள்ளுப் பொறுக்கிக்கொண்டிருந்த சேர் குறடோடு வெளியே வந்து, “ஆர் மாமி செத்தது?” என்று கேட்டார். மாமி அவரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மயங்கி விழுந்தார். பிளாஸ்கில் இருந்த பால் தேத்தண்ணி முழுவதையும் கொடுத்துத்தான் அவரை எழுப்ப முடிந்தது. எள்ளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லி யாருமே சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர் கதிரையில் சரிந்தார். “பரீதா, எனக்கு ஒரு தேத்தண்ணி.”

பரீதா ராத்தா மரியாதையாக ஒரு கரண்டி எள்ளும் ஒரு குவளை தண்ணீரும் கொண்டுபோய் நீட்டினார்.

சேர் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டார். இரங்கிவிட்டார் என்றே நினைத்தோம். ஆனால் இந்த எள்ளுத் திட்டத்தைத் தன் சொந்த யோசனை என்று தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறார். “பேப்பரில வந்தது பிழையெண்டு பேப்பரிலயே வரட்டும். அப்ப பாப்பம். எனக்கு இப்ப ஒண்டும் செய்ய ஏலாது,” என்று சொல்லிவிட்டு எள்ளை மென்றார்.

ஆகவே வருகிற ஞாயிறே நீங்கள் திருத்தம் போட வேண்டும். ஒரு கரண்டி எள்ளு ஒரு கோப்பை பாலுக்கு ஈடில்லை, அது சுடாது, அதைப் பொத்திப் பிடிக்க முடியாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பரீதா ராத்தாவின் முழுநாள் வேலை உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் அலுவலகக் கேத்தில் ஒருநாளும் ஆறாதிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
விறைத்த விரல்களுடன்,
மெலனி.

பி.கு.: முன்பெல்லாம் றொமேஷ் சேர் விளையாட்டுப் பக்கத்துக்கு அப்பால் பத்திரிகை வாசிப்பதில்லை. உங்கள் கட்டுரையை வெட்டி அவர் மேசையில் வைத்தது நான். சிவப்புக் கோடும் என்னுடையதுதான். தேத்தண்ணியோடு ஆளுக்கொரு எள்ளுருண்டையும் கேட்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். அவர் ‘தேத்தண்ணியோடு’ என்பதைத் ‘தேத்தண்ணிக்குப் பதிலாக’ என்று வாசித்துவிட்டார். அதனால் என் பெயரோடு இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம். இன்னொன்று: ஒரு மாதமாக மென்றதில் என் நகங்கள் முந்தி மாதிரி உடைவதில்லை. இதையும் போட வேண்டாம். சேர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் பக்கத்தைத் தானே வெட்டிக் கோப்பில் வைக்கிறார். எங்களுக்கு மத்தியானச் சோறு மட்டும் இன்னும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. வருகிற ஞாயிறு எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.