தாய்மொழியில் பறந்த விமானம்

மனித குலம் ஆகாயத்தை வென்ற வரலாற்றைத் தடித்தடியான புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றிலாவது பேயாண்டியின் வலது தோள்பட்டையைப் பற்றி ஒரு வரி கிடையாது. வரலாற்றாசிரியர்கள் செய்த பெரிய பிழை அது. அவனியாபுரத்தைத் தாண்டி, சுற்றுச்சாலையை ஒட்டியிருக்கும் ‘ஆகாயபுரி’ பொழுதுபோக்குப் பூங்காவில், ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை, தடவைக்குப் பன்னிரண்டு பேராக மனித குலம் ஆகாயத்தை வென்றது அந்தத் தோள்பட்டையை மிதித்துக்கொண்டுதான்.

காலையில் எழுந்தால் கை மேலே போகாது. தோள் அரிசி மூட்டை மாதிரி கனக்கும். சட்டையை மாட்ட அவன் மனைவி நாகஜோதி வந்து கையைத் தூக்கிவிட வேண்டும்.

“விமானத்துல வேலைங்கிற. பெறகு தோளு எதுக்குய்யா வீங்குது?”

“மேல காத்தழுத்தம் சாஸ்தி” என்றான் பேயாண்டி.

அவன் பொய் சொல்லவில்லை. ‘தொழில்நுட்ப ரகசியம்’ காத்தான். கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்தான்.

ஆகாயபுரியின் விமானம் ‘வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில்’ ஆனது. அதாவது ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் பதினைந்து வருடம் ஓட்டிக் களைத்துப்போய்க் கழித்துக் கட்டியதை, முதலாளி ஜெயபாண்டி கன்டெய்னரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு இருக்கை உள்ள ஒரு தகரப் பெட்டி. முன்னால் ஒரு திரை. திரையில் விமானம் மதுரையில் கிளம்பி, ஆல்ப்ஸ் மலையைச் சுற்றி, இடி மின்னலில் மாட்டி, ஆறாவது நிமிடம் துபாயில் இறங்கும். படத்துக்கு ஏற்றபடி பெட்டியைக் கீழேயிருந்து எண்ணெய் பம்பு ஒன்று தூக்கும், சாய்க்கும், குலுக்கும். பெட்டி ஒரு அங்குலம்கூட எங்கும் போகாது. போகாமலே போய்ச் சேர வைப்பதுதானே முன்னேற்றம்.

திறப்பு விழா முடிந்த பதினோராம் நாள், சரியாக ஆல்ப்ஸ் மலைக்கு மேலே, பம்பு எண்ணெயைக் கக்கிவிட்டு நின்றது. மெக்கானிக் பாதுஷா பெட்டிக்கு அடியில் புகுந்து, அரைமணி நேரம் கழித்து முகமெல்லாம் எண்ணெயோடு வெளியே வந்தார்.

“அண்ணே, பம்பு மவுத்து.”

“என்ன பாய் இப்படிச் சொல்றீங்க? நாளைக்கு மே மாசம் பொறக்குது.”

“பார்ட்ஸ் அங்கேருந்துதான் வரணும். மூணு மாசம் ஆகும்.”

அப்போது ஜெயபாண்டி ஒரு கேள்வி கேட்டார். கல்வெட்டில் பொறிக்க வேண்டிய கேள்வி.

“பாய், இது ஆடுனா போதும்ல? பறக்க வேண்டியதில்லைல்ல?”

“ஆடுனா போதும்ணே.”

“ஆட்டுறதுக்கு மதுரையில ஆளா இல்ல?”

மறுநாள் வெங்காய மண்டியிலிருந்து நான்கு சுமைதூக்கும் தொழிலாளர்கள் விமானத் துறைக்கு மாற்றலானார்கள். பேயாண்டி, காளை, மருது, சின்னான். பாதுஷா பழைய லாரி அச்சு ஒன்றின் மேல் பெட்டியை ஏற்றி, நான்கு மூலையிலும் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து, மூலைக்கு ஒரு இரும்புக் கம்பத்தைக் கீழே பம்பு இருந்த குழிக்குள் நீட்டிவிட்டார். கம்பத்துக்கு ஒரு ஆள். தோளைக் கொடுத்து நெம்பினால் அந்த மூலை எழும்பும். விட்டால் இறங்கும். விமானம் தயார்.

நியமன உத்தரவில் ‘இயக்கவியல் அலுவலர், நிலை இரண்டு’ என்று போட்டிருந்தது.

“நிலை ஒண்ணு யாருண்ணே?” என்று கேட்டான் பேயாண்டி.

“பம்பு” என்றார் ஜெயபாண்டி. “அது லீவுல இருக்கு.”

நெஞ்சில் சிறகு போட்ட நீல பனியன் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். குழி இருட்டில் அந்தச் சிறகை அவர்களே பார்த்ததில்லை. ஓவர்டைம் உண்டா என்று காளை வாயைத் திறந்ததும் ஜெயபாண்டியின் முகம் வாடிவிட்டது.

“ஓவர்டைம் குடுத்து உங்கள அவமானப்படுத்தச் சொல்றியா? கலைஞர்கள்யா நீங்க. ஆளுக்கு ஒரு ‘குடும்பப் பறத்தல்’ பாஸ் தாரேன். ஊழியரும் துணையும், ரெண்டு சீட்டு, வி.ஐ.பி. வரிசை.”

மற்ற மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பேயாண்டி மட்டும் பாஸை வாங்கி ரெண்டு தடவை மடித்துப் பையில் வைத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. வில்லாபுரத்தில் அவன் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து வந்து இறங்கும். கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில் நின்று, “இதுல ஒருநா நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறோம்” என்று சொல்லித் தொலைத்திருந்தான். பதினெட்டு வருடம் ஆயிற்று. நாகஜோதி மறக்கிற ஆளில்லை. பாஸைக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“பொம்மை விமானந்தான” என்றாள்.

“பொம்மைதான்.”

“இருக்கட்டும். இம்புட்டு வருசமா அதோட வயித்த மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். உள்ள எப்படி இருக்கும்னு பாப்போம். ஆனா நீ பக்கத்துல உக்காரணும். நான் கேக்குறது அம்புட்டுதான்.”

விமானத்தில் ஒரே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. நிர்வாகத்தின் முதல் சுற்றறிக்கை, ‘பயண நேரத்தில் இயக்கவியல் அலுவலர்கள் வாய் திறக்கக் கூடாது’ என்றது. ஆகாயத்தில் ஆள் சத்தம் கேட்டால் பயணிகளின் ‘அனுபவம்’ கெட்டுவிடுமாம். சுற்றறிக்கை எழுதியவர் ஒருநாளும் மூட்டை தூக்கியதில்லை. நான்கு பேர் ஒன்றாகப் பாரம் எடுத்தால் ஒருத்தன் குரல் கொடுப்பான், மூன்று பேர் வாங்குவார்கள். அந்தக் குரலில்தான் எட்டுக் கையும் ஒரு கையாகும். குரலைப் பிடுங்கியதும் விமானம் திரையில் துபாயில் இறங்க, பெட்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே கிளம்பியது. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருத்தர் காசைத் திருப்பிக் கேட்டார். நிர்வாகத்துக்கு அதுதான் விபத்து.

அடுத்த பயணத்தில் பேயாண்டியை அறியாமலே வாய் திறந்துகொண்டது.

“ஏ… தூக்கு!”

“ஆங்!”

“சாயுது பாரு!”

“தாங்கு தாங்கு!”

விமானம் பூப்போல எழும்பியது. ஆல்ப்ஸ் மலையை அவ்வளவு பக்குவமாக இதுவரை யாரும் கடந்ததில்லை. இறங்கி வந்த பயணி ஒருத்தர் செல்போனில் ஐந்து நட்சத்திரம் குத்தி, ‘பைலட் நம்ம ஊர்த் தமிழில் பேசுவது சூப்பர்’ என்று எழுதினார். அதை ஜெயபாண்டி மூன்று தடவை வாசித்தார். மறுநாள் சுற்றறிக்கை வாபஸானது. வாசலில் ஆளுயரப் பலகை முளைத்தது: ‘தாய்மொழியில் பறக்கும் ஒரே விமானம்’. முந்நூறாக இருந்த டிக்கெட் முந்நூற்றைம்பது ஆனது. அந்த ஐம்பது ரூபாய் தமிழுக்கு. தமிழ் அதை ஜெயபாண்டியிடம் கொடுத்து வைத்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாகஜோதி மாம்பழ நிறச் சேலையில் வந்து வி.ஐ.பி. வரிசையில் நின்றாள். பேயாண்டி பாஸை எடுத்துக்கொண்டு ஜெயபாண்டியிடம் போனான்.

“அண்ணே, வீட்ல வந்திருக்கா. இந்த ஒரு நடை மட்டும் நானும் மேல ஏறிக்கிறேன்.”

“தாராளமா ஏறு. உன் உரிமை அது. ஆனா நீ மேல ஏறிட்டா விமானத்த யாரு தூக்குவா?”

“மண்டியிலேருந்து ஒரு ஆளக் கூப்புடுறேண்ணே. ஆறு நிமிசந்தான.”

“வெளியாள உள்ள விட்டா ரகசியம் என்னாகிறது? நல்லா யோசிச்சுப் பாரு. நீயும் அதே விமானத்துலதான் இருக்க. அவ மேல, நீ கீழ. ஒரே குடும்பம், ஒரே பயணம்.”

பேயாண்டி வெளியே வந்தான். “நீ ஏறு. நான் பின்னாடியே வாரேன்” என்று நாகஜோதியிடம் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினான்.

கதவை மூடினார்கள். நாகஜோதிக்குப் பக்கத்து இருக்கை காலி. அதற்கும் பெல்ட்டை மாட்டிவிட்டார்கள், பாதுகாப்பு விதியாம். விமானம் கிளம்பியது. அவள் ஆல்ப்ஸைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடி மின்னல் வந்தது. காலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“ஏ… தூக்கு!”

அதே மண்டியில் ஒன்பது வருடம் வெங்காயம் பொறுக்கியவள் அவள். எத்தனை பேர் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரல் வந்தால் பதில் கொடுக்காமல் இருக்கவும் வராது.

“ஆங்!” என்றாள், பெட்டி அதிர.

மற்ற பத்துப் பேரும் இதுவும் டிக்கெட்டில் சேர்ந்தது என்று நினைத்து, “ஆங்!” என்றார்கள். முதல் குரல் யாருடையது என்று கீழே பேயாண்டிக்கும் தெரிந்தது. தோள் நழுவியது. விமானம் வலது பக்கம் சாய, மேலேயிருந்து அவளே குரல் கொடுத்தாள்: “சாயுது பாரு! தாங்கு தாங்கு!” தாங்கினான். துபாயில் இறக்கினான்.

கைதட்டிக்கொண்டே எல்லோரும் ஒரு பக்கம் இறங்க, நாகஜோதி மறுபக்கம் சுற்றிப் போய்க் குழிக் கதவைத் திறந்தாள். நான்கு பேர் வேர்வையில் நனைந்து நின்றார்கள்.

“இதான் உன் காத்தழுத்தமாய்யா?”

பேயாண்டி கம்பத்துப் பக்கம் திரும்பித் தோளைக் கொடுத்தான்.

“தங்கச்சி, அடுத்த நடைக்கு ஆள் ஏத்தியாச்சு, கதவச் சாத்தும்மா” என்றான் மருது.

அவள் நேரே ஜெயபாண்டியிடம் போனாள்.

“பாஸ்ல ரெண்டு சீட்டுன்னு போட்ருக்கு. ஒரு சீட்டு சும்மா போயிட்டு வந்திருக்கு. அத எழுதிக் குடுங்க.”

“எழுதிட்டாப் போச்சு. நான் வார்த்தை மாற மாட்டேன். பம்பு வந்ததும் உன் வீட்டுக்காரனுக்கு வேல லேசாயிடும். அப்ப ஜோடியா வாங்க.” பாஸின் பின்பக்கம், ‘ஒரு இருக்கை பாக்கி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். வேலை எவ்வளவு லேசாகும் என்பதை மட்டும் எழுதவில்லை.

ஜூலைக் கடைசியில் பம்பு வந்தது. அதற்கு மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், சால்வை போர்த்தினார்கள். அதே மேடையில், ‘நிலை இரண்டு பணியிடங்கள் வெற்றிகரமாக நிறைவு பெற்றன’ என்று ஜெயபாண்டி அறிவித்தார். அதற்கும் கைதட்டு விழுந்தது. போகிற நேரத்தில் நான்கு பேரையும் கூப்பிட்டு, செல்போனை நீட்டினார்.

“ஒரு ஞாபகத்துக்கு அந்தக் குரல ஒருதடவ போடுங்கய்யா.”

பாரமில்லாமல் எப்படிப் போடுவது என்று முழித்தார்கள். கடைசியில் பாதுஷாவின் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டார்கள். பேயாண்டிக்குக் கண்கூடக் கலங்கியது. முதலாளிக்கு நம் மேல் இவ்வளவு பிரியமா?

பம்பு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பேயாண்டியும் நாகஜோதியும் பாஸோடு வந்தார்கள். அதே மாம்பழ நிறச் சேலை. ஜெயபாண்டி பாஸை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், தன் கையெழுத்தை ரசித்தார்.

“எல்லாம் சரிதான். ஆனா இது ‘ஊழியரும் துணையும்’. துணை இருக்கு. ஊழியர் எங்க?”

“நான்தாண்ணே” என்றான் பேயாண்டி.

“நீ இப்ப ஊழியன் இல்லையேப்பா.”

“ஊழியனா இருந்தப்ப ஏற விடலையேண்ணே.”

“அப்ப நீ ஏறியிருந்தா விமானம் எப்படிப்பா பறக்கும்?”

இரண்டு பக்கமும் நியாயம் அப்படியே பொருந்தி நின்றது. ஓட்டையே இல்லை. ஜெயபாண்டி மனம் இளகி, “முன்னாள் ஊழியர் தள்ளுபடி தாரேன். நூத்துக்குப் பத்து” என்றார்.

“நாங்க பாக்கிய வாங்க வந்தோம், டிக்கெட்டு வாங்க வரல” என்றாள் நாகஜோதி.

அந்த நேரம் உள்ளே விமானம் கிளம்பியது. பம்பு ஓசையில்லாமல் தூக்கியது. பெட்டிக்குள் புதிதாக வைத்த நான்கு ஸ்பீக்கரிலிருந்து தாய்மொழி வந்தது.

“ஏ… தூக்கு!”

“ஆங்!” என்றது உள்ளே கூட்டம்.

நாகஜோதி சட்டென்று திரும்பிப் புருஷன் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. அவன் வலது தோள் மட்டும், யாரும் சொல்லாமலே, கொஞ்சம் கீழே இறங்கிப் பாரத்துக்கு நின்றது.

ஆகாயபுரியின் விமானம் இன்றைக்கும் நாளுக்கு இருபத்திரண்டு தடவை பறக்கிறது. டிக்கெட் நானூறு. போகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள், அந்தக் குரலின் சொந்தக்காரன் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. முத்திரை குத்திய பாஸ் நாகஜோதியிடம் பத்திரமாக இருக்கிறது. வில்லாபுரம் பேயாண்டிக்கு ஆகாயபுரி முதலாளி ஜெயபாண்டி கொடுக்க வேண்டிய பாக்கி: ஒரு இருக்கை, ஆறு நிமிடம், நாகஜோதிக்குப் பக்கத்தில்.