மின்சாரக் கம்பனியை மாற்றப்போய் வீடு மாறினேன்

பிள்ளைகளே, ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்த காலத்தில், ஒரு கிழமைக்கும் மேலாக, உங்கள் அப்பா கிரின்ஸ்டெட்டில் வேறொருவருடைய வீட்டில் குடியிருந்தார். அது அப்பாவுக்கே தெரியாது. உடம்பு ஹேர்னிங்கில் நம் வீட்டில்தான் இருந்தது. தொழிற்சாலைக்குப் போனது, பின்னேரம் வந்து சோறு தின்றது, உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லித்தந்தது. பெயர் மட்டும் கிரின்ஸ்டெட்டுக்குக் குடிபோயிருந்தது.

எல்லாம் மின்சாரத்தால் வந்த வினை.

இந்த டென்மார்க்கில் வீட்டுக்கு வருகிற கம்பி ஒருவருடையது, அந்தக் கம்பிக்குள் வருகிற மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பது நம்முடைய விருப்பம். கம்பனியை மாற்றினாலும் சுவரில் இருக்கிற பிளக் மாறாது, விளக்கு ஒரு கணம்கூட அணையாது. (முதல்முறை மாற்றிய நாளில் நான் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியுமாகக் குந்திக்கொண்டிருந்தது உண்மைதான். அம்மா அதை உங்களுக்குச் சொல்லியிருப்பா.)

அந்தக் குளிர்காலம் மின்சாரத்தின் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. நான் இரண்டு நாள் கணினிக்கு முன்னால் இருந்து, கம்பனிகளை ஒப்பிட்டுப் பார்த்து, யாருடைய உதவியும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஒரு மலிவான கம்பனியைப் பிடித்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் டெனிஷ் மொழியில் இருந்த பதினொரு பக்க ஒப்பந்தத்தை வாசித்து முடித்தால் அவனுக்கு என்ன நடக்கும்? தலைக்கனம் நடக்கும். பிறந்தநாள் விழா, கோயில் அன்னதானம், கடையில் மரக்கறி நிறுக்கிற வரிசை என்று எங்கே நாலுபேரைக் கண்டாலும் கைப்பேசியை எடுத்து மின்சார விலையின் வரைபடத்தைக் காட்டத் தொடங்கினேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். "பாப்பம்" என்றார்கள். நம் ஆட்கள் மனம் நோகாமல் மறுக்கிற விதம் அது.

பாப்பம் என்று சொல்லாத ஒரே மனிதர் கிரின்ஸ்டெட் செல்வமண்ணைதான். நான் டென்மார்க்குக்கு வந்த புதிதில் தன் அறையில் பாதியை எனக்குத் தந்தவர். "வாற ஞாயிறு வாரும், எனக்கும் மாத்தித் தாரும். ஆனா அக்காவுக்குச் சொல்லக்கூடாது. காசு குறைஞ்ச பிறகு காட்டி அதிசயப்படுத்துவம்" என்றார். அக்கா என்றது அவர் மனைவி பவளமக்காவை.

அங்கே அப்போது ஒரு சின்ன இழுபறி நடந்துகொண்டிருந்தது. வைலே நகரில் இருக்கும் மகள், வீட்டை விற்றுவிட்டுத் தனக்குப் பக்கத்தில் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். செல்வமண்ணைக்கு அரை மனம். பவளமக்காவுக்குக் கால் மனமும் இல்லை. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் ஆட்களைத் தூக்கித் துடைத்து உழைத்து வாங்கிய வீடு. பின்வளவில் கண்ணாடிக்கூடு போட்டுப் பாவற்காய் காய்க்கவைத்திருந்தா. "விக்கிறதெண்டா என்னையும் சேத்து வில்லுங்கோ" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்திருந்தாவாம். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் மூளை வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. நானும் அண்ணையும் இருக்கையறையில் மடிக்கணினியைத் திறந்தோம். உள்ளே நுழைய அண்ணையின் மிட்ஐடி வேண்டும், அதாவது கைப்பேசியில் நாம் நாமேதான் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்கிற சாமான். அண்ணை இரகசிய எண்ணை மறந்துபோய், மகளின் பிறந்தநாள், தன் பிறந்தநாள், கோயில் தேர்நாள் என்று ஒவ்வொன்றாக அடித்துப்பார்த்து அதைப் பூட்டிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு டெனிஷ்காரன் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் குடித்திருப்பான். நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒருவர் பெயரில் தொலைபேசி எடுத்து இன்னொருவர் கதைப்பதும், ஒருவர் பெயரில் கார் வாங்கி இன்னொருவர் ஓடுவதுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரைக் கொடுப்பது குடையைக் கொடுப்பது மாதிரி. மழை விட்டால் திரும்பி வரும்.

"என்ரை மிட்ஐடியில போடுறன் அண்ணை. கரண்டுக்கு ஆளைத் தெரியுமே?" என்றேன்.

போட்டேன். அண்ணையின் விலாசத்தை எழுதினேன். கணினி ஒரு கேள்வி கேட்டது: இந்த விலாசத்துக்கு நீங்கள் குடிவருகிறீர்களா? இல்லை என்று அழுத்தினால் அது ஒரு அடி நகரமாட்டேன் என்றது. ஆம் என்று அழுத்தினேன், சந்தோசமாக நகர்ந்தது. எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டது.

நல்ல காரியம் தொடங்குகிறோம், நாள் பார்க்காமல் எப்படி? அடுப்படியில்தான் பஞ்சாங்கக் கலண்டர் தொங்கியது.

"அக்கா, இந்தக் கிழமைக்குள்ள ஒரு நல்ல நாள் சொல்லுங்கோ" என்று குரல்கொடுத்தேன்.

"எதுக்குத் தம்பி?"

"நல்ல காரியம் ஒண்டு. பிறகு சொல்லுறம்."

அக்காவுக்குச் சந்தோசம். ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கலண்டரைப் பார்த்து, வியாழக்கிழமை திறமான நாள் என்று சொன்னா. அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வியாழக்கிழமையைப் போட்டு அழுத்தினேன். பிறகு இரண்டுபேரும் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் தின்றோம்.

சில நாளில் எனக்குக் கம்பனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய வீட்டில் இனிதாக வாழ வாழ்த்துவதாக எழுதியிருந்தார்கள். டெனிஷ்காரர் எதற்கும் வாழ்த்துகிற நல்ல சனங்கள் என்று நினைத்து மூடிவைத்தேன்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, அம்மா கைப்பேசியைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றா. முகம் வெளிறியிருந்தது.

"கிரின்ஸ்டெட்டில வீடு வாங்கினனீங்களாம். எனக்கு ஏனப்பா சொல்லேல்லை?"

நான் சிரித்தேன். (அது பிழையான நேரத்தில் வந்த சிரிப்பு.) அம்மா சிரிக்கவில்லை. பவளமக்கா அழுதழுது கதைத்ததாகவும், தன் வீட்டைத் தனக்குத் தெரியாமல் எனக்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னதாகவும் சொன்னா. கழற்றாத சப்பாத்தோடு காரில் ஏறினேன். அம்மாவும் ஏறினா. கிரின்ஸ்டெட் வரைக்கும் முக்கால்மணி நேர ஓட்டம், மூன்று நாள்போல் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் பவளமக்கா இருந்தா. எதிர்ப்பக்கம் செல்வமண்ணை, வாத்தியாரிடம் பிடிபட்ட பிள்ளைமாதிரி. மேசையில் இரண்டு சாட்சிகள். ஒன்று பழைய கம்பனி அனுப்பிய மின்னஞ்சல், அக்கா வேலையிடத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தது: நீங்கள் வீட்டை விட்டுப் போவதாக அறிகிறோம், இத்தனை காலமும் எங்களோடு இருந்ததற்கு நன்றி. மற்றது தபாலில் வந்த உறை. அக்காவின் விலாசம், என் பெயர். உள்ளே புதுவீட்டு வாழ்த்து, பூப்படத்துடன்.

தம்பி என்று கூப்பிட்டே பழகியவ, அன்றைக்குக் கூப்பிடவில்லை.

"என்ரை வீட்டை விக்கிறதுக்கு என்னட்டையே நாள் கேட்டனீர், என்ன?"

வாங்கவில்லை, விற்கவில்லை, மின்சாரம்தான் மாற்றினோம் என்று ஆதியிலிருந்து சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கே அது பொய்மாதிரிக் கேட்டது. மின்சாரம் மாற்றுகிறவனுக்கு ஏன் வியாழக்கிழமை வேண்டும்? ஏன் ஒளிக்க வேண்டும்? ஏன் கண்ணடிக்க வேண்டும்? (அதையும் அக்கா அடுப்படியில் நின்று கண்டிருக்கிறா.) அண்ணை உதவிக்கு வந்தார். "அது உனக்கு ஒரு அதிசயமா இருக்கட்டுமெண்டு..." என்று தொடங்கினார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

கம்பனிக்கு அப்போதே தொலைபேசி எடுக்கச் சொன்னா, சத்தமாகப் போட்டு. எடுத்தேன். ஒரு டெனிஷ் பெண் பொறுமையாகக் கேட்டாள். நீங்கள் அந்த வீட்டில் வசிக்கவில்லையா? இல்லை. பிறகு ஏன் குடிவந்தீர்கள்? உதவி செய்ய. யாருக்கு? நண்பருக்கு. உங்கள் நண்பர் வீடு மாறினாரா? இல்லை, அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். அவள் திரும்பக் கேட்டாள்: அப்படியென்றால் அந்த வீட்டில் உண்மையில் யார் வசிக்கிறார்கள்?

நான் வாயைத் திறக்குமுன் பவளமக்கா கைப்பேசியைப் பறித்துவிட்டா. முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு கதைத்துப் பழகிய அந்த உரத்த டெனிஷில், நான்தான் வசிக்கிறேன், சாகும்வரைக்கும் நான்தான் வசிப்பேன் என்று சொன்னா.

அந்தப் பெண், அப்படியென்றால் நான் அவரை வெளியே எடுத்துவிடுகிறேன் என்றாள். இன்றைக்கேயா என்று அக்கா கேட்டா. இன்றைக்கே பதிகிறேன் என்றாள் அவள்.

அக்கா கைப்பேசியை மேசையில் வைத்தா. முகத்தைச் சேலைத்தலைப்பால் ஒற்றினா. அண்ணையின் பக்கம் திரும்பி, இனி விக்கிற பேச்சு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றா. அண்ணை தலையாட்டினார். அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப்பார்த்து, முடியாமல், மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. பிறகு அக்காவுக்கும் தொற்றியது. தேநீர் வந்தது.

அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து, போன மாதம், தொழிற்சாலையில் இடைவேளை. கைப்பேசி அடித்தது, பவளமக்கா.

"வீட்டுக்காரர், பின்பக்கத்துக் கூரை ஒழுகுது. எப்ப வந்து பாக்கிறியள்?"

வேறு என்ன செய்வது? சனிக்கிழமை காரின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு கிரின்ஸ்டெட்டுக்குப் போனேன். நான் ஓட்டையைத் தேடி ஏறினேன், செல்வமண்ணை ஏணியைப் பிடித்தார், அக்கா கீழே நின்று இரண்டுபேரையும் மேய்த்தா.