தூரச் சான்று

உலகம் உருண்டை என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த உருண்டையில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று முத்திரை குத்திக் கொடுக்கும் தூரச் சான்றுப் பிரிவுக்கு இதுவரை ஒரு மாலைகூட விழவில்லை. நன்றி கெட்ட உலகம்.

அந்தப் பிரிவு இருக்கும் அலுவலகத்தில் யார் வெளியூர் போக விடுப்புக் கேட்டாலும், தூரத்துக்கும் பயண நேரத்துக்கும் அந்தப் பிரிவு சான்று கொடுக்க வேண்டும். சான்று இல்லாமல் கிளம்பினால் வேலை போய்விடும். அந்த விதியை மணிமணியான எழுத்தில் எழுதியவர் பிரிவின் எழுத்தரேதான்; அலுவலகத்தில் அவருக்கு 'முழக்கோல்' என்று பட்டப்பெயர். பத்து நிமிடம் கூட்டிப் போட்ட விண்ணப்பத்தைக்கூட மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பியவர்.

ஒரு திங்கட்கிழமை, தொலைதூர நகரத்திலிருந்து அவருடைய அக்கா பேசினாள். "அப்பாவுக்கு ரொம்ப முடியலடா. டாக்டர் ஒரு வாரம்தான்னு சொல்லிட்டாரு. உன்னையேதான் கேட்டுட்டிருக்காரு. உடனே கிளம்பி வா."

முழக்கோல் உடனே பேனாவை எடுத்தார். விண்ணப்பத்தை மூன்று படிகள் எழுதி, தன் மேசையிலிருந்து தன் மேசைக்கே அனுப்பி, வந்து சேர்ந்ததாக முத்திரையும் தானே குத்தினார். விதி என்றால் விதி.

செவ்வாயன்று, சான்றை முடிவு செய்யும் குழு கூடியது. மூத்த உறுப்பினர் சுவரில் இருந்த வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தார். விமானம் மேலே ஏறுகிற பத்து கிலோமீட்டரும் கீழே இறங்குகிற பத்தும் இதில் சேருமா என்று இன்னொருவர் கேட்டார். ஆழமான கேள்வி என்பதால் தேநீர் வரவழைத்தார்கள். புதன் முழுவதும் அதிலேயே போயிற்று.

வியாழனன்று பெரிய சிக்கல் வெடித்தது. அட்டவணைப்படி காலை ஒன்பதுக்குக் கிளம்பும் விமானம் அங்கே பதினொன்றரைக்கு இறங்குகிறது. அங்கே மதியம் ஒன்றுக்குக் கிளம்புவதோ இங்கே மாலை ஆறரைக்கு. போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணி. ஒரே தூரத்துக்கு இரண்டு நேரமா? குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், அங்க கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ரெண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான்" என்றார் முழக்கோல் மெல்ல.

"கடிகாரம் பின்னாடி இருந்தா அது அவங்க நிர்வாகக் கோளாறு. அதுக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்? அதோட, உன் விஷயத்துல நீயே பேசுறது முறை இல்லப்பா" என்றார் தலைவர்.

'நேர முரண்பாடு' குறித்து விளக்கம் கேட்டு விமான நிறுவனத்துக்குக் கடிதம் போயிற்று. அக்கா தினமும் பேசினாள். குழு உட்கார்ந்திருக்கிறது என்று இவரும் தினமும் சொன்னார். போட்டது போட்டபடி ஓடிவிடலாமா என்று வெள்ளியன்று வாசல்வரை போனார். வேலை போனால் வீட்டில் நாலு வயிறு. திரும்பி வந்து உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை அப்பாவுக்குப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மூச்சும் நின்றது.

திங்களன்று காரியத்துக்குப் போக அனுமதி கேட்டார். நோயாளியைப் பார்க்கப் போகும் தூரம் வேறு, சாவுக்குப் போகும் தூரம் வேறு என்று புதுப் படிவத்தைக் கொடுத்தார்கள்.

மறுநாள் விமான நிறுவனத்தின் பதில் வந்தது. குழு மாலைக்குள் ஒருமனதாக முடிவெடுத்தது. சாதனை வேகம். பழைய விண்ணப்பத்துக்கான சான்றைத் தலைவரே இரு கைகளாலும் நீட்டினார். பயண நேரம், நான்கு மணி. முழக்கோல் அதை வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். தலைவருக்கு நிஜமாகவே குரல் தழுதழுத்தது.

"வெறும் நாலு மணி நேரம். இப்படிக் கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு, பெத்த அப்பாவைப் போய்ப் பாக்காம இருந்துட்டியேப்பா. நீயெல்லாம் ஒரு பிள்ளையா?"