ஓசூர் போனவன் குதிரை

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படைக்கு எட்டு வருஷம் ஆனது. எங்கள் ‘லேமினேஷன்’ அண்ணன் மட்டும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால், இன்றைக்கும் வெளியே கூடாரம் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணனுக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜைமேல் செஞ்சி வரைபடத்தை விரித்து, அட்டைக் குதிரை, அட்டை யானை, அட்டைப் பீரங்கியோடு நாலு பேர் முற்றுகைச் சண்டை போடுவோம். விளையாட்டுப் பெட்டியோடு வந்த விதிகள் எட்டே பக்கம். அண்ணன் சொந்தமாகச் சேர்த்தவை நாற்பத்தொன்று. எல்லாம் லேமினேட் செய்தவை. தப்பான விதியை அடிக்கக்கூட முடியாது. அதைச் சரிசெய்ய இன்னொரு விதிதான் போட வேண்டும்.

பௌர்ணமியன்று குதிரைப்படை நகராது. இது பதினாலாவது.

“இன்னாண்ணா இது? முந்நூறு வருஷத்துக்கு முந்தின சண்டைண்ணா!” என்றேன்.

“கிரிவலக் கூட்டத்துல பஸ்ஸே நகரல. குதிரை மட்டும் பறக்குமாடா?”

நகராத குதிரைக்குப் பாதித் தீனி போதும் என்று பதினைந்து. நாலு பேரில் ஒருவனான பாலாஜி, மிச்சத் தீனியைப் பதுக்கி வைத்து ஜெயிக்கப் பார்த்தான். உடனே, மிச்சத் தீனி தின்ற குதிரை கொழுத்துப்போய்க் கோட்டை வாசலில் நுழையாது என்று பதினாறு. இப்படியே போய், இரண்டு வருஷமாக ஒரு ஆட்டமும் முடிந்ததில்லை.

இந்த லட்சணத்தில் நாலாவது ஆள் சேகர், வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். மூன்று பேர் ஆட முடியாது. கெஞ்சிக் கூத்தாடி, கீழ்பென்னாத்தூர் கணக்கு டீச்சர் கவிதாவைக் கூட்டிவந்தேன். அவரும் எழுந்து போனால் பெட்டியைப் பரண்மேல் போட வேண்டியதுதான். டீச்சர் உள்ளே வருவதற்குள் அண்ணனைத் தனியே இழுத்தேன்.

“ண்ணா, இன்னைக்கு ஒரு விதியும் பேசக்கூடாது. சத்தியம்?”

“சத்தியம்டா.”

ஒரு மணி நேரம் அண்ணன் வாயே திறக்கவில்லை. முகம்தான் வியர்த்துக்கொட்டியது. டீச்சர் வடக்கு வாசல் குதிரைகள்மேல் பீரங்கியால் சுட்டு, பகடையை உருட்டினார். ஆறு. குதிரைகளை எடுக்கக் கை நீட்டினார்.

“அது சாகாது டீச்சர்” என்றார் அண்ணன்.

செத்தது நான்தான்.

“ஏன் சாகாது?”

“நாப்பத்தொண்ணாவது விதி. அது சேகர் விட்டுட்டுப் போன குதிரை. அவன் ஓசூர்ல இருக்கான். ஆள் இல்லாத நேரத்துல சாவடிச்சுட்டு, தீபாவளிக்கு வந்து கேட்டான்னா இன்னா பதில் சொல்றது?”

டீச்சர் கைப்பையை எடுத்தார். நான் பெட்டி மூடியைத் தேட ஆரம்பித்தேன்.

அவர் பையிலிருந்து எடுத்தது மூக்குக்கண்ணாடி. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி நாற்பத்தொன்றையும் படித்தார்.

“பன்னெண்டும் இருபத்தேழும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. இதுல யாரும் ஜெயிக்கவே முடியாதுங்க.”

“அதான் டீச்சர், நாப்பத்திரண்டு வேணும்னு சொல்றேன்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அடுத்த வாரம் நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும். நான் வரலன்னா?”

அண்ணன் ஒரு அட்டையில் என்னவோ எழுதி, லேமினேஷன் மிஷின் ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் சூடாக வெளியே வந்தது: ‘விதி 42. டீச்சர் திரும்பி வரும்வரை அவர் பீரங்கியில் மழைத்தண்ணீர் இறங்காது.’

எனக்கும் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. என் யானைகளுக்கு ஒன்றும் ஆகாது, தெரியும். அவருக்குத்தான் மறுபடியும் ஒரு ஆள் குறையும்.